அப்பா ஆட வந்தபோது போட்ட பாட்டு

எங்கள் ஊரில் கோடைக் கிரிக்கெட்டுக்கென்று தனியாக மைதானம் கிடையாது. அறுவடை முடிந்து காய்ந்த வயலில் வரப்பைச் சரித்து, நெல் தாளைச் செதுக்கிவிட்டால் அதுதான் மைதானம். ஆனால் மைக்செட் உண்டு. மட்டை பிடிக்கப் போகிறவன் பந்தலிலிருந்து நடந்து போகும்வரை அவன் கேட்ட சினிமாப் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் அலறும். பந்து போடுகிறவன் ஓடிவரத் தொடங்கியதும் நின்றுவிடும். ரன் எடுக்காவிட்டாலும் மன்னிப்பார்கள், பாட்டு சரியில்லை என்றால் மன்னிக்க மாட்டார்கள்.

எனக்குப் பத்து வயதான கோடையில், பள்ளிக்கூடம் இன்னும் லீவு விடாத நேரம், எங்கள் ஊர் அணிக்கு ஒரு ஆள் குறைந்தது. அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் பல வருடம் குவைத்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு முந்தின வருடம்தான் ஊரோடு வந்திருந்தார். எனக்கு அவர் இன்னும் பாதி விருந்தாளி. அவர் எதிரில் காலை நீட்டி உட்காரக்கூட யோசிப்பேன். அவரே ஆடப்போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கான பாட்டை நானே தேர்ந்தெடுத்தேன். புதுப்படப் பாட்டு, எடுத்த எடுப்பிலேயே பறை அதிரும். வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லியும் வைத்தேன். அப்பா, "பாப்பம்டா" என்று மட்டும் சொன்னார்.

கடைசி ஆட்களில் ஒருவராக அவர் எழுந்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, மைக்செட்காரரிடம் தன் செல்போனைக் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். நான் நண்பர்கள் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். குழாயில் முதலில் பாத்திரச் சத்தம் வந்தது. பிறகு அம்மாவின் குரல்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடும் கீர்த்தனைகளை அம்மா அடுப்படியிலும் பாடுவாள். எனக்கு நாலு வயதிருக்கும்போது அப்படிப் பாடியதைப் பதிந்து, மெமரி கார்டில் போட்டு, குவைத்துக்குத் திரும்பிய கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், பறை அதிர வேண்டிய இடத்தில் என் அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டு பாடுகிறாள் என்பதுதான். பக்கத்திலிருந்தவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

பந்து போடுகிறவன் ஓடிவந்தான். பாட்டு நிற்கவில்லை. நடுவர் கையைக் காட்டினார். அப்பாவும் அங்கிருந்தே மட்டையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். மைக்செட்காரர் மாரியம்மன் திருவிழாக்களுக்கே செட் கட்டிப் பழகிய மனிதர்.

"சாமி பாட்டுப்பா, பாதியில நிறுத்தக் கூடாது. முடியட்டும், செத்த இருங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எந்தச் சாமியானாலும் அவருக்கு ஒரே சட்டம்தான். ஆட்டம் நின்றது.

ஒரு சரணம் முடிந்த இடத்தில் அம்மா பாட்டை விட்டுவிட்டு அதட்டினாள்.

"டேய், ஜட்டி போடாம எங்கடா ஓடுற?"

வயல் முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் ஓடக்கூடிய பையன் நான் ஒருவன்தான் என்பது ஊருக்கே தெரியும். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அம்மா விடவில்லை.

"இங்க வாடா. அப்பா இதைக் கேப்பாங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசு."

"எந்த அப்பா?" என்றது ஒரு சின்னக் குரல்.

அத்துடன் பதிவு முடிந்தது. சிரிப்பும் நின்றுவிட்டது. எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவைத்துச் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்கோர் எழுதிய அண்ணனின் அப்பா சிங்கப்பூரில் இருந்தார். என் பக்கத்திலிருந்தவனின் அப்பா மஸ்கட்டில். அதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா முதல் பந்திலேயே போல்டானார். அவர் பந்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. திரும்பி வந்தவரை ஒருவரும் கேலி செய்யவில்லை. யாரோ எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

குழாயை ஊர்ப் பக்கம் திருப்பித்தான் கட்டியிருந்தார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று நம்பிப் போனேன். அவள் கொல்லையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா மொகத்தப் பாத்தியாடா? எப்படி இருந்தாங்க?"

"அவுட்டாயிட்டாங்க" என்றேன்.

அப்பா வந்ததும் நானே கேட்டேன். "நான் சொன்ன பாட்ட ஏம்ப்பா போடல?"

அவர் பாட்டைத் தப்பாகப் போட்ட பையன் போல நின்றார். "மொதல் வரியோட நிறுத்திருவாருன்னு நெனச்சேண்டா. குவைத்துல காலைல கட்டடத்துச் சாரத்துல ஏறுறதுக்கு முன்னாடி அதத்தான் கேப்பேன். கேட்டாத்தான் கால் நடுங்காது. இன்னைக்கும் பயமா இருந்துச்சு."

"தினமுமா? முழுசாவா?"

"முழுசாத்தான்."

அப்படியென்றால் குவைத் வரைக்கும் என் மானம் போயிருக்கிறது என்று பாயில் குப்புறப் படுத்து அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன். ஜட்டிக்குப் பிறகும் அந்தப் பதிவில் ஒரு கேள்வி இருந்தது, தினமும் அதையும் கேட்டுவிட்டுத்தான் அவர் சாரம் ஏறியிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.