மாசி மகத்தன்று வீசிய காற்று

கோமளா மலேசியாவில், மலாக்காவை அடுத்த ஜாசினில் ஒரு கிளினிக்கின் முகப்பில் வேலை செய்கிறார். எண் சீட்டுக் கொடுத்து, முறைப்படி ஆட்களை உள்ளே அனுப்ப வேண்டும். மூச்சுத் திணறி வருபவர்களைத் தவிர, இருபது வருடத்தில் யாரையும் அவர் முந்த விட்டதில்லை.

ஞாயிறு மதியம் புக்கிட் பெருவாங்கிலுள்ள காளிதாஸின் போட்டோஸ்டேட் கடைக்கு வருவார். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. மூன்றாவது ஆள் நகுலன். வயதில் இளையவன், கிறிஸ்தவன், காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மேசையில் விரிக்கும் விளையாட்டை உருவாக்கியவன் அவன்தான். சுல்தான் காலத்து மலாக்கா துறைமுகம். கோமளா நாகப்பட்டினத்துத் துணி வணிகர், காளிதாஸ் ஜாவா அரிசிக்காரர், நகுலன் குஜராத்தி.

விளையாட்டில் ஒரு முறை என்பது ஒரு பருவக்காற்று. தென்மேற்குக் காற்றில் கப்பல்கள் வரும். வடகிழக்குக் காற்றில் ஊர் திரும்பும். நகுலனின் கைப்பேசியில் இருபது நிமிட டைமர் ஓடும். அதற்குள் கட்டளையைத் தாளில் எழுதி மடித்துவிட வேண்டும். எழுதாதவரின் கப்பல் துறையிலேயே கிடந்து சரக்கு அழுகும்; மற்றவர்கள் அதை அடித்துக் கவிழ்க்கவும் செய்யலாம்.

யாருக்காவது திருநாள் என்றால் காற்று நிற்கும், அன்று ஆட்டம் கிடையாது. அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் கோமளா. ஒரு கிறிஸ்மஸுக்கு நகுலன் வரவில்லை. அவன் கப்பல்கள் காவலின்றி நின்றன. காளிதாஸ் பேனாவை எடுத்தபோது, “ஆளு இல்லாதப்ப அடிக்கிறது என்னா வெளாட்டு?” என்று கோமளா தடுத்துவிட்டார்.

மூன்று வருட ஆட்டத்துக்குப் பிறகு, துறைமுகத் தலைவர் பதவிக்குக் கோமளாவுக்கு இன்னும் ஒரே ஒரு காற்று தேவைப்பட்டது. அடுத்த ஞாயிறு மாசி மகம்.

“நகுலா, நான் செங் கோயிலுக்குப் போறேன், பால்குடம். காத்து நிக்கும்ல?”

“நிக்கும்லா அக்கா. எனக்கும் சேத்து வேண்டிக்குங்க.”

அவர் வேண்டிக்கொண்டார். வெயிலில் குடத்தைச் சுமந்து நடந்தபோது, வீட்டார் பெயர்களுக்குப் பிறகு அவன் பெயரையும் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், அவருடைய மூன்று கப்பல்களும் துறையில் கவிழ்ந்து கிடந்தன. தலைவர் கட்டத்தில் நகுலனின் காய்.

“என்னடா இது?”

“நான் எழுதுன ரூல்ஸ் லிஸ்ட்ல தீபாவளி, பொங்கல், தைப்பூசம், கிறிஸ்மஸ்தான் இருக்கு அக்கா. மாசி மகம் இல்லையே.”

“லிஸ்டா? நீ வாயால சொன்னியே.”

“கேம்தானே அக்கா, சீரியஸ் ஆவாதிங்க லா.”

கோமளா திரும்பினார். “நீயும் எழுதுனியா காளி?”

காளிதாஸ் இயந்திரத்தில் தாளை அடுக்கிக்கொண்டே, “அவன் டைமர ஓட்டிட்டான். எழுதலன்னா என் அரிசி போயிரும்” என்றார்.

பதவி போனதைக் கோமளா அன்றே விழுங்கிவிட்டார். எந்த நேரத்தில் டைமர் ஓடியது என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. அவர் அவனுக்காக வேண்டிக்கொண்டு நடந்த நேரம் அது.

பிறகு சில ஞாயிறுகள் வந்து, கவிழ்ந்த கப்பல்களை நிமிர்த்தி, பேசாமல் கட்டளையை எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒருநாள் நகுலனிடமிருந்து செய்தி வந்தது: “அக்கா, இந்த சண்டே ஈஸ்டர். காத்து நிக்கும்ல?” ஈஸ்டரும் பட்டியலில் இல்லை என்பது அவனுக்கு நினைவில்லை போலும். “நிக்கும்” என்று பதில் அனுப்பினார்.

அந்த ஞாயிறு கடைக்கும் வந்தார். காளிதாஸ் தாள்களோடு காத்திருந்தார். “லிஸ்ட்ல ஈஸ்டர் இல்ல. நம்ம ரெண்டு பேரும் எழுதுனா அவன் பதவி காலி. அவன் சொல்லிக் குடுத்ததுதானே?”

“நிக்கும்னு சொல்லிட்டேன்.”

இதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிடலாம். ஆனால் அவர் முகத்தில் மன்னிப்பு இல்லை. மூன்று கப்பல்களையும் வரைபடத்திலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஏய், அடுத்த வாரம் வருவல்ல?”

பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்தவர், திரும்பிப் பார்க்கவில்லை.

“அவன் வந்தா, காத்து நின்னுச்சின்னு சொல்லு.”