திறந்து வைத்த கதவு

அவிசாவளை பஸ்ஸில் யாரோ ஏற்றிய ரப்பர் ஷீட் கட்டின் புகைவாசம், தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்தில் இப்போது இல்லாத எங்கள் லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, நினைவூட்டியது. கிறிஸ்து பிறந்த நத்தார் மாலைகளில் அம்மா, தங்க இடமின்றி அலைந்த மாதாவுக்கும் சூசையப்பருக்கும் என்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைத்து, கதவை அகலத் திறந்துவிடுவார்.

"மாதா இம்புட்டு மேடு ஏறி வருவாங்களா, அண்ணி?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா அறையிலிருந்த செல்வி அத்தை கேலி செய்வார்.

"வந்தா தேத்தண்ணி ஒன் வீட்லதான்டி," என்பார் அம்மா.

மண்சரிவில் லயம் புதைந்த வருடம் பள்ளிக்கூட மண்டபமொன்றில் தங்கியிருந்தோம். நத்தாரன்று டவுனிலிருந்த மாமாவிடம் இடம் கேட்டுப் போனோம். வாசலில் காகித நட்சத்திரம் எரிந்தது.

"எடம் பத்தாதுக்கா," என்றார் மாமா, பாதி திறந்த கதவைப் பிடித்தபடி.

அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். கதவே இல்லாத அந்த மண்டபத்தில், எங்களுக்குக் கிடைத்த சோற்றுப் பொட்டலத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து மூடி, வாசலோரம் வைத்தார்.