பாவாவின் இடது கால்

ஜப்பான் மோட்டார் பைக்குகள் புதிதாக வந்த நேரம். வருடக்கணக்கில் ஓட்டிய கனத்த பழைய வண்டியை விற்றுவிட்டு, என் கணவர் சிவப்பில் ஒன்று வாங்கினார். அத்தை மகன் என்பதால் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். திருத்தணி மலைமேல் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு இறங்கினோம்.

வளைவில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை ஒன்று நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது.

"பாவா, பிரேக்கு!"

"மிதிச்சிகினுதான் கீறேன், நிக்கல!"

ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த எனக்கு அவர் இடது கால் தெரிந்தது. பழைய வண்டியில் பிரேக் அங்கேதான். இதில் அங்கே கியர், பிரேக் வலப்பக்கம். கடைக்காரர் சொன்னபோது நானும் இருந்தேன்.

"வலது காலு!" என்று அலறினேன்.

வண்டி நின்றபோது, சக்கரத்துக்கும் அந்தத் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தலை முழுக்கச் சந்தனம், நாங்கள் நசுக்கிய எலுமிச்சையின் அதே மஞ்சள். குழந்தை சக்கரத்தைத் தொட்டுச் சிரித்தது.

பாவா ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியும்டி. கடையிலேயே சொன்னாங்களே" என்றார். சொல்லும்போதும் அவர் இடது கால் தரையை அழுத்தி மிதித்தபடியே இருந்தது.

இன்றுவரை யாராவது "எனக்குத் தெரியும்" என்றால், நான் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறேன்.