வேற ஷாப்பு

முதன்முதலாக டாங்கி பொம்மை கோக்கப் போகிறவன் துண்டுகள் குறைந்த பெட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். உள்ளே எஞ்சின், இருக்கை எல்லாம் வைத்த பெட்டி கூடாது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினைக் கண்ணி கண்ணியாகக் கோக்கச் சொல்லும் பெட்டி கூடவே கூடாது. விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். பத்து வயதில் இம்மூன்றையும் ஒரே நிமிடத்தில் மீறியவனும் நான்தான்.

அப்பாவுக்கு ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒவ்வொரு பிரிவையும் ஷாப்பு என்பார்கள். காலையில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப் போவார். சாலையை ஒட்டிய மண்பாதையில் சோதனை ஓட்டத்துக்கு டாங்கி போனால் இறங்கி நிற்பார். எல்லோரும் பீரங்கியைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் குனிந்து கீழே பார்ப்பார். புழுதிக்குப் பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

கப்பலில் வேலை பார்த்த மாமா அந்த வருடம் லீவில் வந்தபோது இரண்டு டாங்கி பொம்மைப் பெட்டிகள் கொண்டுவந்தார், எனக்கொன்று, அக்காவுக்கொன்று.

"மாப்ளே, புச்சா செய்றவன் சின்னத எட்த்துக்கோ. பெர்சுல இன்னா இன்னாவோ கீது. மண்ட காஞ்சிடும்."

"எங்கப்பா நெஜ டாங்கியே செய்றாரு மாமா" என்று பெரியதை எடுத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சிக்கு அப்பா செய்த டாங்கி வரும் என்று வகுப்பிலும் அறிவித்தாயிற்று.

அக்கா தன்னுடையதை இரண்டு மதியங்களில் முடித்தாள். எனக்கு விரல்கள்தான் ஒட்டிக்கொண்டன. வியாழன் மாலை அப்பா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்தார். கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிசிறு நீக்கி, விளக்கத்தாளைப் பார்க்காமலே கோத்தார். செயின் இரண்டும் அவர் உள்ளங்கையில் உயிருள்ளவை போல வளைந்தன. பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"பீரங்கிப்பா?"

"அது வேற ஷாப்பு."

"எஞ்சினு?"

"அதுவும் வேற ஷாப்புதான்பா. அங்கெல்லாம் நம்மள உடமாட்டாங்க."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மச்சான், டாங்கி டாங்கின்னு சொல்லிகினு இத்தினி வருசமா சைக்கிள் கட வேலையா பாத்துகினு கீற?"

"ஒனக்கு செயினு மட்டுந்தான் தெரியுமாப்பா?" என்று நானும் கேட்டேன், எல்லோர் எதிரிலும்.

"ஆமாம்பா" என்றார். கை கழுவ எழுந்து போனார்.

மறுநாள் அக்காவின் டாங்கியைக் கெஞ்சி வாங்கிக் கண்காட்சியில் வைத்தேன். இது அப்பா செய்ததா என்று வாத்தியார் கேட்டார். எங்கப்பாவுக்கு டாங்கி செய்யத் தெரியாது சார் என்றேன். வகுப்பு சிரித்தது.

திங்கட்கிழமை மண்பாதையில் ஒரு டாங்கி போனது. அப்பா இறங்கவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு மிதித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் பீரங்கியைத் திரும்பிப் பார்த்தேன். அதன்பிறகு ஒருநாளும் அவர் இறங்கவில்லை. மணி அடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட முடிந்ததில் எனக்கு அப்போது சந்தோஷம்தான்.