டோபியாஸுக்குள் இருந்த டுவைட்

டோபியாஸைப் போல அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கான பேய்க்கதைப் புத்தகங்களில் வரும் வில்லன் பொம்மை அது. மர உடம்பு, ஈர நாக்கு, அழுகிய சோள நிறத்தில் பல். கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய்த் தூங்கும் குழந்தையின் கால்விரலை நக்கும். இதை எழுதியவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களாம், என்னத்தைச் சொல்ல! ஒஹாயோவில் பாடப் புத்தகத்தைக்கூடத் தொடாத பிள்ளைகள் அந்த வருடம் இதை வரிசையில் நின்று வாங்கினார்கள்.

அந்தப் பொம்மை வேஷம் கட்டியவர் டுவைட் ஹாலிங்கர். டேட்டனில் அவர் வேலை பார்த்த டயர் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், கிடைத்தது இதுதான். அந்தப் புத்தகங்களை விற்கும் கம்பெனிக்காகப் பள்ளிக்கூடப் புத்தகக் கண்காட்சிகளுக்கு வேன் ஓட்டியவள் நான், ரோண்டா. இரண்டு வருடம் பக்கத்து சீட்டில் அவர். அதிர்ந்து பேசாத மனுஷன். தன் முட்டை சாண்ட்விச்சில் பாதியை எனக்குப் பிய்த்துத் தருவார். ரப்பர் தலையை மாட்டும்போது மட்டும் முகம் கோணும். அவருக்கு முன்னால் போட்டவனின் வியர்வையும் எச்சிலும் தாடைப் பஞ்சில் ஊறிக் கிடந்தன. கம்பெனி அதைக் கழுவவே இல்லை. ஒருமுறை முகர்ந்துவிட்டு நான் வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

"உள்ள செத்த எலி ஏதாச்சும் கெடக்கா டுவைட்?"

"கெடந்தா நல்லாத்தான் இருக்கும் ரோண்டா. பேச்சுத்துணைக்கு ஆச்சே."

அவருக்கு ஒரே மகள், டெஸ்ஸா. ஏழு வயது. விவாகரத்துக்குப் பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு மட்டும் அப்பாவிடம் வருவாள். டோபியாஸ் பெயரைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு உதறும். அதனால் தன் வேலை என்னவென்று அவர் சொல்லவே இல்லை. தெரிந்தால் வருவதையே நிறுத்திவிடுவாள் என்று பயம்.

அக்டோபரில் அவளுடைய பள்ளிக்கே போக வேண்டி வந்தது. அன்றைக்கு மட்டும் வேறு ஆளைப் போடச் சொல்லிக் கெஞ்சினார். மேலாளர் ஸ்டெர்லிங் சிரித்தான்.

"ஏம்ப்பா, புள்ளைங்க அலறினாத்தான புக்கு விக்கும்? நீ அலற வையி!"

அவன் உதட்டோரம் டோனட் சர்க்கரை எச்சிலோடு ஒட்டியிருந்தது. 

நான் வகுப்பு அட்டவணையைப் பார்த்தேன். "கவலைய விடுங்க டுவைட். காலையில நாலாங்கிளாஸ்தான். டெஸ்ஸாவோட ரெண்டாங்கிளாஸ் வர்றதுக்குள்ள வேஷத்தக் கழட்டிரலாம்."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தப் பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சேர்ந்து புத்தகம் படிக்கக் கீழ் வகுப்பில் ஒரு வாசிப்புக் கூட்டாளி உண்டு. கண்காட்சிக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். அதே ஊரில் மூன்று பிள்ளைகளை வளர்த்த எனக்கு அது உறைக்கவில்லை.

டோபியாஸ் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து குதித்தபோது முன்வரிசையில் டெஸ்ஸா நின்றாள். அவள் அலறவில்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்க் காலுறை நனைந்தது, மூச்சு இழுத்துக்கொண்டது. மூலையில் ஸ்டெர்லிங் கைதட்டிக்கொண்டிருந்தான். தூ!

டுவைட் ரப்பர் தலையைப் பிய்த்து எறிந்தார்.

"கண்ணு, நாந்தாம்மா! உங்கப்பா! பாரு!"

வெந்து சிவந்த முகம். நெற்றியில் பிசுபிசுவென்று ஒட்டிய முடி. கழுத்துக்குக் கீழே பொம்மையின் உடம்பு, பொம்மையின் கை.

டெஸ்ஸாவின் கையைப் பிடித்திருந்த பெரிய பெண் கத்தினாள்: "மூணாவது புக்குல இப்படியேதான் வரும்! அது அப்பாவத் தின்னுட்டு அவரு மூஞ்சிய மாட்டிக்கிட்டு வரும்!"

டுவைட் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. நான் படித்திருந்தேன். கழற்றாதீர்கள் என்று கத்தியிருக்கலாம். 

அன்றே வேலையை விட்டார். அடுத்த சனிக்கிழமை, துணைக்கு இருக்கச் சொன்னாரென்று நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டெஸ்ஸா வந்தாள். வந்துவிட்டாளே என்று மனுஷனுக்கு உதடு துடித்தது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவள் முன் முட்டி போட்டார்.

அவள் அவருடைய தாடைக்குக் கீழே விரலால் தடவினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். கன்னத்துச் சதையைப் பிடித்து இழுத்தாள்; நகம் பதிந்தது. அவர் அசையவில்லை. கண்ணீர் அவள் விரலில் இறங்கியது. அதை அவள் அருவருப்போடு கவுனில் துடைத்தாள்.

"இதையும் கழட்டு," என்றாள். "எங்கப்பாவ வெளிய விடு."