எதிர்வீட்டு சோலார் பேட்டரி

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலேயே சோலார் போட்ட ஒரே வீடு, எதிர்வீட்டு கோவிந்தன் அண்ணனுடையது. நாமும் போடலாமா என்று விசாரிக்க இன்று சாயங்காலம் போனேன்.

பேட்டரிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே துண்டு போர்த்தியிருந்தார்.

"பேனல் இருவது வருஷம் ஒழைக்கும் தம்பி. பேட்டரியத்தான் நாலஞ்சு வருஷத்துல மாத்தணும். அது வெலைய கேட்டா மயக்கமே வந்துடும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.

ஆவலோடு ஃபேனை அண்ணாந்து பார்த்தேன். அது சுற்றவில்லை. அவர் மனைவி மெழுகுவத்தியும் விசிறியும் கொண்டுவந்தார்.

"என்னண்ணே, பேட்டரி ரிப்பேரா?"

"சேச்சே, ஜோரா இருக்குது. சுவிட்ச ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். போட்டுகினே இருந்தா ஆயுசு கொறஞ்சிடாது? அவசரத்துக்குதான் போடுவோம்."

"கரண்ட் போனது அவசரம் இல்லியா?"

"அது தெனம் போறதுதான தம்பி!"

அவர் மனைவி விசிறிக்கொண்டே சொன்னார்: "போன மாசம் எங்க மாப்ள வந்தாரு. அன்னிக்கு போட்டோம்."

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன்.

எனக்கு இரண்டும் பையன்கள். அத்தனை விலை கொடுத்து பேட்டரி வாங்கினால், நான் அதை எப்போது போடுவது? சோலார் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.