சாவியைக் கொடுக்காத சார்ஜென்ட்

ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் ஜெப்சன், விமானப்படையில் இருபது வருஷம் இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவர். விமானங்களின் சக்கரமும் பிரேக்கும்தான் அங்கே அவர் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போடாமல் எவ்வளவு பெரிய அதிகாரியும் விமானத்தைக் கிளப்ப முடியாது. "சரியில்லை சார்" என்று அவர் சொன்னால், விமானி முனகிக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுவார்.

தரைப்படை வழக்கம் வேறு என்பது ஊர் திரும்பிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முன்னாள் படைவீரர் கூட்டத்தில் கர்னல் கோவிந்தராஜ் பேசினால் பழைய ஹவில்தார்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஜெப்சன் மட்டும் மரியாதையோடு மறுத்துச் சொல்வார். கர்னலுக்கு அது பிடிக்காது.

போன கார்த்திகையில், மழை விடாத ஒரு காலை, கர்னலின் ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் அவர் மனைவி வள்ளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"இங்க ஆஸ்பத்திரியில உடனே சேலம் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும். பிரேக் கொஞ்சம் இறங்குது, சட்டுனு பாரு."

ஜெப்சன் பெடலை மிதித்தார். கால் தரை வரை போனது. குனிந்து பார்த்தார்; பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. நிமிர்ந்ததும் சாவியை உருவிக்கொண்டார்.

"இந்த வண்டி மலை இறங்காதுங்க சார்."

"லடாக்கில் ஓட்டினவன்யா நான். சாவியைக் கொடு."

"கொடுக்க மாட்டனுங்க."

"சார்ஜென்ட்! இது ஆர்டர்!"

கர்னல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். உள்ளே வள்ளியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நாம் தாமதிக்கிற நேரத்தில் இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஜெப்சனுக்கும் பயம்தான். ஆனாலும் சாவியை விடவில்லை.

"எங்க படையில சரியில்லாததை ஆபீசர்கிட்ட சொல்லாம விட்டாத்தானுங்க குத்தம். ரெண்டு நிமிசம் கொடுங்க சார்."

சட்டையை விடுவித்துக்கொண்டு, பக்கத்து லாட்ஜ் விக்னேஷிடம் ஓடி அவன் காரைக் கேட்டு வாங்கி வந்தார். அவரும் கர்னலுமாக வள்ளியைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். கர்னல் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரனை அழுத்தியபடியே இறக்கினார் ஜெப்சன். பாதி மலையில் எதிரே திடீரென்று ஒரு பஸ் முளைத்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் குலுங்கி நின்றது. அடிவாரம் வந்த பிறகுதான், "வள்ளி, இதோ வந்துட்டோம்" என்ற கர்னலின் குரல் கேட்டது.

மதியம் டாக்டர் வெளியே வந்து, இனி பயமில்லை என்றார். கர்னல் வராந்தாப் பெஞ்சில் ஜெப்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெரியநாயகம்னு ஒரு டிரைவர் என்கிட்ட இருந்தான். லாரி சரியில்லைன்னு சொன்னான். எடுத்துட்டுப் போடான்னேன். போனான். ஒரு கால் போச்சு." ஜெப்சன் பக்கம் திரும்பினார். "ஒரே தடவைதான் சொன்னான். அதுக்கு மேல சொல்ல அவனுக்குத் தைரியம் வரலை. வராதபடி நான்தான் வெச்சிருந்தேன்."

ஜெப்சன் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப எங்கீங்க இருக்கறாரு?"

"அரூர் பக்கம். பார்க்கப் போனதே இல்லை."

"போலாமுங்க சார். அம்மா ஊடு திரும்பட்டும், நானே கூட்டிட்டுப் போறனுங்க."

தை பிறந்ததும் இருவரும் போனார்கள். பெரியநாயகம் கட்டைக்காலோடு வாசலுக்கு வந்து, பழக்கத்தில் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். கர்னல் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். கர்னலின் உதடு துடிப்பதை ஜெப்சன் பார்த்தார். சத்தமில்லாமல் வண்டிப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.